ஹின்ரிக்கின் வெள்ளிக்கிழமை

தொழிலாளர் மன்றத் தேர்தலில் தோற்ற மறுவாரமே ஹின்ரிக் ட்யார்க்ஸ் மீன் அறுக்கும் பெல்ட்டுக்குத் திரும்பிப் போனார். ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தை ஒட்டிய அந்த மீன் தொழிற்சாலையில் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பதினாறு வருஷம் தொழிலாளர் மன்றத்தின் தலைவராக இருந்தவர். வேலை நேரத்தை மாற்றுவதா, ஆளை நீக்குவதா, எதுவானாலும் நிர்வாகம் முதலில் அவர் அறைக் கதவைத் தட்டியாக வேண்டும். மன்ற வேலையே முழுநேர வேலை என்பதால் அத்தனை வருஷமும் அவர் கத்தியைத் தொட்டதில்லை.

தோற்றவருக்குக் கௌரவமாக ஓர் இடம் பார்த்துக் கொடுப்பதுதான் வழக்கம். நிர்வாகி கோல்பேயும் கிடங்கு அலுவலகத்தில் ஒரு மேசை தருவதாகச் சொன்னார். ஹின்ரிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பெல்ட்டுலேருந்து வந்தவன் நான், பெல்ட்டுக்கே போறேன்" என்றார். அதில் பாதி கொள்கை, பாதி வீறாப்பு. அவரைத் தோற்கடித்த ஃபிலொமேனா இருபது வருஷம் அதே பெல்ட்டில் நின்று மீன் அறுத்தவர். அவரால் முடிந்தது தன்னால் முடியாதா என்ற ரோஷம் ஐம்பத்தெட்டு வயதிலும் அடங்கவில்லை.

மீன் அறுக்கும் கூடத்தில் எப்போதும் ஐஸ்பெட்டிக் குளிர். பெல்ட்டில் அவருக்குப் பக்கத்து இடம் கேஸாவுடையது. ஒல்லியான, கை வேகமான பெண்மணி. ஹின்ரிக்கை மேலும் கீழும் பார்த்து, அந்த ஊர் வழக்கப்படி வணக்கம் வைத்தார்.

"மொய்ன், தலைவரே. கத்தி பிடிக்க ஞாபகம் இருக்கா, இல்ல அதுக்கும் தீர்மானம் போடணுமா?"

"போட்டா நீ கையத் தூக்குவியா?"

"போன தேர்தல்லயே உனக்குத் தூக்கல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹின்ரிக்கும் சிரித்தார். பெல்ட்டுப் பேச்சு மறந்து போகவில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

அவருக்குத் தைரியம் கொடுத்த விஷயம் இன்னொன்றும் இருந்தது. தோற்றாலும், தன் பெயர் சொல்ல வெள்ளிக்கிழமை இருக்கிறதே என்பதுதான் அது. பல வருஷங்களுக்கு முன் நிர்வாகம் பெல்ட்டை அரைமணி நேரம் நிறுத்த மனமில்லாமல் இடைவேளையைத் துண்டு போடக் கேட்டது. ஹின்ரிக் விடாமல் பேரம் பேசினார். அரைமணி இடைவேளை இரண்டு கால்மணியாகப் பிரியும். அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமைகளில் நண்பகலோடு வேலை முடியும். ஒப்பந்தம் கையெழுத்தான அன்று அவரைத் தோளில் தூக்காத குறைதான். அன்றிலிருந்து அந்த அரைநாளுக்கு ஊரிலேயே 'ஹின்ரிக் வெள்ளி' என்று பெயர். பேக்கரியில் வரிசையில் நிற்கும்போது யாராவது அப்படிச் சொல்லக் கேட்டால் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

முதல் நாள் இடைவேளை மணி அடித்தது. கையுறையைக் கழற்றி, ஏப்ரனை அவிழ்த்து, குளிர்ச்சட்டையை மாட்டினார். கைகழுவ வரிசை. பூட்ஸைத் தேய்த்துக் கழுவும் இயந்திரத்துக்கு இன்னொரு வரிசை. இதெல்லாம் சுத்தத்துக்கான விதி, தாண்ட முடியாது. பிறகு மாடிப்படி. கேன்டீனில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு வாய் கடித்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"எங்க போறீங்க?"

"திரும்பக் கழுவணும், மாட்டணும். நேரமாச்சு, தலைவரே" என்றார் கேஸா.

கேன்டீன் முன்பு கூடத்தை ஒட்டியே இருந்தது; கழுவும் இயந்திரமும் அப்போது கிடையாது. அதெல்லாம் பின்னால் வந்தவை. வந்தபோது மன்றத்தைக் கேட்டுத்தான் வந்தன. சுத்தம் நல்லதுதானே என்று ஹின்ரிக் தலையாட்டியிருந்தார். இடைவேளையோடு சேர்த்து அதை யோசித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அவர் அறை நிர்வாகக் கட்டடத்தில், வெயில் விழும் பக்கத்தில் இருந்தது.

இரண்டாவது இடைவேளையில் ரொட்டியை விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார். அந்தக் குளிரில் நிற்கும் அந்த வயது ஆணுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அங்கேயும் வரிசை. அந்த வாரம் இரண்டு முறை பெல்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. அவர் பங்கு மீனையும் கேஸா சேர்த்து அறுத்தார். திரும்பி வந்து நின்றபோது ஹின்ரிக்கால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேர்தலில் தோற்றபோதுகூட இவ்வளவு கூசவில்லை.

"காலையில எத்தன கப்பு காப்பி குடிக்கிற?" என்று கேட்டார் கேஸா.

"வழக்கம்போல ரெண்டு."

"அதான். வேல முடியிற வரைக்கும் நாங்க எதுவும் குடிக்கிறதில்ல."

"நாங்கன்னா யாரு?"

"இந்த பெல்ட்டு பூரா." கேஸா ஒரு மீனின் முள்ளை உருவிப் போட்டார். "போன வருஷம் கிட்னியில கல்லு அடைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடந்தேன்ல. நீதான் மன்றத்து சார்பா பூங்கொத்து அனுப்புன. நல்லா இருந்துச்சு, மஞ்சப் பூ."

குத்திக்காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. அதுதான் ஹின்ரிக்கை அதிகமாகச் சுட்டது.

அவருக்குப் பழையது ஒன்று ஞாபகம் வந்தது. சில வருஷங்களுக்கு முன் கேஸா அவர் அறைக்கு வந்தார். இடைவேளை பத்தவில்லை என்று, கதவோரம் நின்றபடியே சொன்னார். ஹின்ரிக் உட்காரச் சொல்லி, தன் கையாலேயே காப்பி ஊற்றி வைத்தார். பிறகு ஒப்பந்தத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். சட்டம் கேட்பது கால்மணி, இருப்பதும் கால்மணி, எங்கே குறை? கேஸா நன்றி சொல்லிவிட்டுப் போனார். காப்பி அப்படியே இருந்தது. அன்று மாலை ஹின்ரிக் வீட்டில் மனைவியிடம், "என்னா திமிரு பாரு, காப்பியத் தொடக்கூட இல்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

வேலை நடுவே வந்து, மறுபடி பெல்ட்டுக்குப் போக வேண்டிய பெண் எப்படிக் குடிப்பாள் என்று அன்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அவர் மன்ற அறைக்குப் போனார். மேசைக்கு எதிரே கிடந்த தாழ்வான நாற்காலி அவரே வாங்கிப் போட்டது. அதில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் முறை. ஃபிலொமேனா கணினியிலிருந்து தலையைத் திருப்பினார்.

"காப்பி வேணுமான்னு கேக்க மாட்டேன்."

"தெரியும்."

"இடைவேளதானே? கழுவி முடிச்சு வெளிய வந்த பிறகுதான் நேரம் ஆரம்பிக்கணும்னு போன வாரமே கேட்டேன். கோல்பே சிரிக்கிறாரு. 'அப்போ பழைய ஒப்பந்தத்த முறிங்க, வெள்ளியும் சேந்து போகும், உங்க ஆளுங்க உங்கள என்ன செய்றாங்கன்னு பாப்போம்'னு சொல்றாரு."

"முறிச்சிடேன்."

"நல்லா இருக்கே கதை. வந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. உன் வெள்ளியத் தொட்டா என்னையும் மீனோட சேத்து உறைய வெச்சிருவாங்க." ஃபிலொமேனா நாற்காலியில் சாய்ந்தார். "பொதுக்கூட்டம் வருது. யார் அந்த ஒப்பந்தத்தப் போட்டானோ அவன் எழுந்து சொன்னா எனக்கு வழி பொறக்கும். நீ சொல்லுவியா, சொல்ல மாட்டியா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று ஹின்ரிக் எழுந்தார். அவரிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு பெயர்தான். அதையும் தன் கையாலேயே கிழித்துப் போட வேண்டுமா?

விஷயம் கோல்பே காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. கூட்டத்துக்கு முந்தின நாள் ஹின்ரிக்கைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கிடங்கு மேசை இன்னும் காலியாத்தான் இருக்கு, திரு. ட்யார்க்ஸ். ஹீட்டர் பக்கத்துல. கழிப்பறையும் எதிர்லயே. உங்க வயசுக்கு அந்தக் குளிர் எதுக்கு?"

ஹின்ரிக் ஆசைப்பட்டார். பொய் சொல்வானேன், கழிப்பறை எதிரிலேயே என்றதும் அவர் மனம் அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது. "கூட்டம் முடியட்டும், சொல்றேன்" என்றார்.

கூட்டம் கேன்டீனில் நடந்தது. பெல்ட்டுக்காரர்கள், பேக்கிங் பிரிவு, ஓட்டுநர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் கோல்பே. ஃபிலொமேனா வரவு செலவெல்லாம் பேசி முடித்து, யாருக்காவது பேச வேண்டுமா என்று கேட்டார். ஹின்ரிக் எழுந்தார்.

"வெள்ளிக்கிழம ஒப்பந்தத்த நான் மேசையில உக்காந்து போட்டேன். பெல்ட்டுல நின்னு போடல. கேன்டீன மாத்துனப்பவும் நான் சரின்னு சொன்னேன். உங்க அரைமணியில பாதி கழுவுறதுலயே போகுது. பொம்பளைங்க காலையிலேருந்து தொண்டைய நனைக்காம நிக்கிறாங்க. கேஸா வந்து எங்கிட்ட சொன்னா. நான் அவளுக்குச் சட்டத்த வாசிச்சுக் காட்டுனேன். தப்பு என்னோடது. ஃபிலொமேனா இத முறிக்கட்டும், புதுசா பேசட்டும். வெள்ளி போனா போகட்டும்."

"தோத்த கடுப்புல பேசுறான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "உனக்குப் போகட்டும். எனக்குப் போனா வெள்ளிக்கிழம பிள்ளைய ஸ்கூல்லேருந்து யாரு கூட்டிட்டு வருவா? நீயா?"

ஹின்ரிக், "நீ சொல்றதும் நியாயம்தான்" என்று மட்டும் சொல்லி நின்றார். முகம் சிவந்துவிட்டது. முன்பு அவரைக் கைதட்டிப் பாராட்டியவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் இப்போது கைதட்டவில்லை.

முறிக்கலாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் ஃபிலொமேனா. கேஸா தூக்கினார். பிறகு பெல்ட்டில் நிற்பவர்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். பேக்கிங் பிரிவில் பெரும்பாலும் தூக்கவில்லை. ஆனாலும் போதுமான கைகள் இருந்தன. கோல்பே அவற்றை எண்ணுவது தெரிந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

கோடை முழுக்கப் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் பூட்ஸ் கழுவி வெளியே வந்த பிறகுதான் இடைவேளை தொடங்கும் என்று எழுதி வாங்கினார் ஃபிலொமேனா. விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலில் விட்டவர்கள் இனி ஒன்றரைக்குத்தான் விடுவார்கள். 'ஹின்ரிக் வெள்ளி' என்ற பெயர் போகவில்லை. பேக்கிங் பிரிவில் இப்போது அதை வசவாகச் சொன்னார்கள். பேக்கரி வரிசையில் அவர் காதில் விழுந்தபோது ஹின்ரிக்குக்குக் கண் கலங்கியது. ரொட்டி வாங்காமலே வீட்டுக்குப் போனார். கிடங்கு மேசை வேறொருவருக்குப் போயிற்று.

அக்டோபரில் புதிய ஏற்பாட்டின் முதல் நாள். ஹின்ரிக் கேன்டீனில் இரண்டு கப் காப்பி வாங்கி, ஒன்றைக் கேஸாவின் முன்னால் வைத்தார். கேஸா பழக்கத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கப்பை எடுத்து, மெதுவாக, அடிவரை குடித்தார். ஹின்ரிக் தன் கப்பைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேஸா காலிக் கப்பை அவர் பக்கம் தள்ளினார்.

"இன்னொன்னு வாங்கிட்டு வா, தலைவரே."

ஹின்ரிக் எழுந்து போய் வரிசையில் நின்றார்.