இருபத்தொன்பதாவது புளியங்கொட்டை

மானகிரியில் நாங்கள் பூப்பந்துக் கழகம் தொடங்கியபோது ஐந்து ஆட்டக்காரர்களுக்கு நான்கு மட்டைகள்தான் இருந்தன. எனக்கு ஆட வராது. எண்ண வரும் என்பதால் புள்ளி எண்ணும் வேலையைக் கொடுத்தார்கள். எங்கள் புள்ளிக்கு வலது பையிலும் எதிரணியின் புள்ளிக்கு இடது பையிலும் ஒவ்வொரு புளியங்கொட்டையாகப் போடுவேன். எதிரணியும் என் எண்ணிக்கையை ஏற்கும்.

முதல் போட்டி செக்காலை அணியோடு. முதலில் இருபத்தொன்பது எடுக்கும் அணிக்கு வெற்றி. ஒரு பந்தை அடித்து முடித்ததும் எங்கள் அணித்தலைவன், என் வகுப்புத் தோழன், ஜெயித்துவிட்டதாக மட்டையை உயர்த்தினான். நான் வலது பையை எண்ணினேன்.

"இருபத்தெட்டுதான்டா."

"நல்லா எண்ணுனியா?"

"ரெண்டு தரம் எண்ணிட்டேன்."

"நீ சொன்னாச் சரிதான்" என்று மறுபடி ஆடப் போனான். தோற்றோம். அன்றிலிருந்து ஊரில் அவன் பெயர் இருபத்தெட்டு. "என்ன இருபத்தெட்டு, இன்னும் ஒண்ணு கெடைக்கலையா?" என்பார்கள். அடுத்த ஆண்டே ஆட்டத்தை விட்டுவிட்டான்.

வலது பையில் ஓட்டை இருந்ததை அன்று மாலையே பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கடியில் ஒரு கொட்டை கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது கழகத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஐவரில் நால்வர் முன்பே போய்விட்டார்கள். கடைசியாக அணித்தலைவனும் போன மாதம் இறந்தான். அவன் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவுக இருக்கையில ஒரு தடவ சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார். "படுக்கையில கெடந்தப்பக்கூட, இருபத்தொன்பது எடுத்தேன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாக."

வீட்டுக்கு வந்து, முதல் போட்டியில் இருபத்தொன்பது எடுத்து வென்றோம் என்று எழுதினேன். படித்துக் காட்ட ஐவரில் ஒருவரும் இல்லை.