நொண்டி வேஷத்துக்கு மைக் கிடையாது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்கள், தோட்டத்து மக்கள், நாடகக்காரர்கள் எல்லோருக்கும் என் வணக்கம். அவர் எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. எனக்கு அவர் கூடப்பிறந்த தம்பி. ஆனால் இதை நான் என் பிள்ளைகளுக்காகவே எழுதுவதால், அவர்கள் அழைத்தபடி சித்தப்பா என்றே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, உங்கள் சித்தப்பா நோர்வூட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், நாம் இன்றைக்கும் குடியிருக்கிற இதே லயத்து வரிசை வீட்டில்தான் பிறந்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சல் வலது காலின் பலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வளர்ந்த பிறகு தோட்டத்தில் பெயர் பதியச் சொல்லி அம்மா கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சினார். "மலை ஏற முடியாதவனுக்கு எதுக்கும்மா பேரு?" என்றார் அவர். பெயர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. மாவும் அரிசியும் கிடைக்காத அந்தப் பஞ்ச காலத்தில் அம்மா தன் ரொட்டியைச் சித்தப்பாவுக்குப் பிய்த்துக் கொடுத்துக் கொடுத்தே படுக்கையில் விழுந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று சித்தப்பா சாப்பாட்டைத் தொடவில்லை. "எனக்கு இறங்காதுண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு ஹட்டனுக்குப் போய் ஒரு ரேடியோ திருத்துகிற கடையில் சேர்ந்தார். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வேலை பழகி, பழைய ஆம்பிளிபயர் ஒன்றும் லவுட்ஸ்பீக்கர்களும் வாங்கிச் சொந்தமாக மைக் செட் தொழில் தொடங்கினார். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று ராகலை வரைக்கும் அவருடைய செட் போகும். பெட்டரியை ஒருவர் தூக்கிப் போக, பின்னால் கம்பை ஊன்றிக்கொண்டு சித்தப்பா வருவார்.

ஒரு வருடம் நம் தோட்டத்துத் திருவிழாவில் வாலிபர்கள் நாடகம் போட்டார்கள். நடுவில் சிரிப்புக்காக ஒரு நொண்டி மாப்பிள்ளை வந்தான். நல்ல காலுள்ள பையன் ஒருவன் சித்தப்பாவைப் போலவே காலை இழுத்து நடந்தான், விழுந்தான், எழுந்தான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பெல்லாம் சித்தப்பாவின் லவுட்ஸ்பீக்கரில்தான் எதிர்மலை வரை கேட்டது. அவர் எழுந்து பெட்டரி வயரைக் கழற்றிவிட்டார். மேடை ஊமையானது.

தோட்டத்துத் தலைவர் ஓடி வந்தார். "என்னப்பா தம்பி, சும்மா ஒரு சிரிப்புக்குத்தானே?"

"என்னையச் சிரிக்கிறதுக்கு என் செட்டே வேணுங்களா தலைவரே? வாயாலயே சிரிக்கச் சொல்லுங்க."

"நீ மைக் செட்டுக்காரனா, இல்ல சென்சார் ஆபீசாடா?"

"ரெண்டும்தான்னு வச்சுக்கங்களேன்."

அன்றிலிருந்து அது அவருடைய சட்டம் ஆயிற்று. நாடகத்துக்குச் செட் கேட்டு யார் வந்தாலும் முதலில் கதையைச் சொல்லச் சொல்வார். "நொண்டி, குருடு, திக்குவாய்னு சிரிப்பு வேஷம் இருந்தா மைக் கிடையாது. கதைக்கு நொண்டி வேணும்னா நொண்டியையே கூப்பிடுங்க. அவனுக்கும் நாலு நல்ல வசனம் எழுதுங்க" என்பார். கேட்டவர்கள் வேறு செட் பிடித்துக்கொண்டார்கள். வருமானம் படுத்துவிட்டது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. யாரும் கூப்பிடவில்லையென்றால் நாமே நாடகம் போடுவோம் என்று கிளம்பிவிட்டார்.

அப்படிச் சேர்ந்ததுதான் அவருடைய நாடகக் குழு. தேயிலை பெக்டரி மெசினில் இடது கை விரல்களை இழந்த ஒரு பெண், கண் தெரியாத ஒரு பாட்டுக்காரர், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்டு நடை கோணலான கீழ்ப்பிரிவுச் சன்னாசி. கல்யாணக் கதை. மாப்பிள்ளை சித்தப்பா. "காலைப் பத்தியோ கையைப் பத்தியோ ஒரு வசனமும் வரக்கூடாது. நம்மளும் மனுசன் மாதிரி கடன் வாங்குவோம், சண்டை போடுவோம், கல்யாணம் கட்டுவோம். அவ்வளவுதான் கதை" என்று சொல்லிவைத்திருந்தார்.

ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முதல் மேடை. கம்போடு அவர் உள்ளே வந்ததும் கூட்டம் சிரிக்கத் தயாராகிவிட்டது. ஒருவன் எழுந்து கத்தினான். "ஏய், மாப்பிள்ள வந்து சேர்றதுக்குள்ள பொண்ணுக்கு நரை விழுந்துரும்டோய்!"

மணப்பெண்ணாக நின்ற அந்தப் பெக்டரிப் பெண் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "நரைச்சாலும் நான் காத்திருப்பேன். ஒனக்கு யாருய்யா காத்திருக்கா?"

கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது. அந்தப் பெண்தான் பிறகு உங்கள் சித்தி ஆனார்.

நான்கைந்து வருடங்கள் அந்தக் குழு மேடை ஏறியது. சில இடத்தில் கைதட்டினார்கள், சில இடத்தில் பாதியில் எழுந்து போனார்கள். பிறகு தமிழர்களைத் தேடித் தேடி அடித்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வந்தது. நுவரெலியாவில் ஒரு கல்யாணத்துக்கு அவரும் சித்தியும் கொண்டுபோயிருந்த செட் முழுவதும் வேனோடு எரிந்தது. எல்லோரும் ஓடினார்கள். உங்கள் சித்தப்பாவால் ஓட முடியவில்லை. சித்தியும் அவரை விட்டு ஓடவில்லை. பக்கத்துச் சிங்களப் பேக்கரிக்காரர் அவரை முதுகில் தூக்கிப்போய், சித்தியோடு சேர்த்து விறகு அறையில் ஒளித்துவைத்தார். அங்கே ஈரத்தில் கிடந்தபோது பிடித்த இருமல்தான் கடைசி வரை விடவில்லை.

செட் போன பிறகு அவருடைய சொல்லுக்கு மதிப்பில்லை. குழுவும் கலைந்தது. போன வருடத் திருவிழாவில் டவுனிலிருந்து வேறு மைக் செட் கொண்டுவந்து கட்டினார்கள். சித்தப்பா லயத்தில் படுத்திருந்தார். மேடையில் நொண்டி மாப்பிள்ளை வந்தான். சிரிப்பு லயம் வரை கேட்டது. நான் கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதீங்கண்ணே. அது நம்ம சன்னாசி குரல்."

மறுநாள் சன்னாசியைக் கூப்பிட்டனுப்பினார். அவன் வாசலிலேயே நின்றான்.

"நீங்க சொன்னதுதாங்கண்ணே. நொண்டி வேஷத்துக்கு நொண்டியையே கூப்பிடணும்னு. கூப்பிட்டாங்க."

"நான் சொன்னதுல பாதியத்தான்டா எடுத்துக்கிட்டானுங்க."

"விழுந்து எந்திரிச்சேன். விசிலடிச்சாங்க." சன்னாசி தலையைக் குனிந்துகொண்டான். "என்னைய இனிமே வருசா வருசம் கூப்பிடுறாங்களாம்."

சித்தப்பா வெகுநேரம் இருமினார். பிறகு சொன்னார். "அடுத்த தடவ ராஜா வேஷம் கேளு."

"குடுக்க மாட்டாங்கண்ணே."

"குடுக்காட்டியும் கேளு. கேட்டது அவனுங்க காதுல கெடக்கட்டும்."

அந்த வாரமே அவர் போய்விட்டார்.

உயிரைக் காப்பாற்றிய பேக்கரிக்காரருக்கும், மருந்து கொடுத்த தோட்டத்து டிஸ்பென்சருக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும், பழைய கோபத்தை மறந்து செலவுக்குக் கைகொடுத்த தலைவருக்கும், சமைத்துப் போட்ட பக்கத்து லயத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பாடையைத் தூக்கும் நேரத்தில் சன்னாசி வந்து முன்பக்கம் தோள் கொடுத்தார். "தள்ளுடா சன்னாசி, பாடை சாயும்" என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

"சாயட்டும்" என்றார் உங்கள் சித்தி. "அவரு என்னைக்கு நேரா நடந்தாரு?"

சன்னாசியின் நடைக்கு மற்ற மூன்று பேரும் நடந்தார்கள். பின்னால் தோட்டமே நடந்தது. தேயிலை நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதையில், மயானம் வரை, பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்துதான் போனது. பிள்ளைகளே, ஒருவரும் சிரிக்கவில்லை.