ஐயா நிரப்பாத பென்சன் படிவம்

எங்கள் வீட்டில் பென்சன் என்ற சொல்லுக்குத் தனி மரியாதை. எனக்கு அரசாங்க வேலை கிடைத்தபோது, சண்டிலிப்பாயில் புகையிலை நட்டுப் பிழைத்த என் ஐயா, கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும், "அவனுக்கு இனிச் சாகுமட்டும் பென்சன்" என்று சொல்லித் திரிந்தார். சம்பளம் எவ்வளவு என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

நான் விவசாயக் கந்தோரில் எழுதுவினைஞன். எண்பதுகளின் கடைசியில் விவசாயிகளுக்கும் ஓய்வூதியம் என்று ஒரு திட்டம் வந்தது. தவணைப் பணம் கட்டிவந்தால் முதுமையில் மாதாமாதம் கிடைக்கும். கட்டாயமில்லை, விரும்பியவர் சேரலாம். அதன் அருமையை ஊரூராகப் போய்த் தொண்டை வற்ற விளக்கியவன் நான்.

ஒருநாள் அதில் சேரும் படிவத்தோடு கந்தோர் வரிசையில் ஐயா நின்றார். அங்கே வரும் கமக்காரர் எல்லாரும் உத்தியோகத்தருக்கு முன்னால் செய்வதுபோல, தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கக்கத்தில் வைத்திருந்தார். பக்கத்து மேசைக்காரர் சிரித்துக்கொண்டே, "என்னய்யா, மோன் சோறு போடுறேல்லையோ?" என்று கேட்டுவிட்டார். பகிடிதான். எனக்கு முகம் எரிந்தது. ஐயாவை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனேன்.

"பிள்ளையில்லாததுகளுக்குத்தான் உது. நான் இருக்க நீங்கள் உதிலை சேர்ந்தால் ஊர் என்ன கதைக்கும்?"

"அதில்லைத் தம்பி, என்ரை கையிலையும் நாலு காசு இருந்தால்..."

"நான் தாறன் ஐயா. வீட்டை போங்கோ."

"வயசு கடந்தால் பிறகு சேரேலாதாமே?"

வயதெல்லை முடிய அவருக்குச் சில மாதங்களே இருந்தன. அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அவர் கையிலிருந்த படிவத்தை வாங்கி மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

என் பென்சனுக்கு ஒருவரும் என் விருப்பத்தைக் கேட்டதில்லை. விவசாயிக்கும் அப்படிக் கட்டாயமாக்கியிருந்தால் என் வீறாப்புக்கு அங்கே இடமே இருந்திராது. சட்டத்தின் தலையில் பழியைப் போட்டுத் தப்பப் பார்க்கிறேன், வெட்கக்கேடு. படிவத்தைப் பறித்தது என் கைதான்.

பிறகு நாட்டில் சண்டை மறுபடியும் மூண்டது. நீரிறைக்க மண்ணெண்ணெய் இல்லை. தோட்டக் காணி தங்கச்சியின் சீதனத்தோடு போய்விட்டது. ஐயாவுக்கு இடுப்பை நிமிர்த்த விடாத நாரிப்பிடிப்பு வேறு. எனக்கோ மூன்று பிள்ளைகள். கேட்டபோதெல்லாம் கொடுத்தேன், இல்லையென்று சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் கேட்கவேண்டியிருந்தது என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டோ மூன்றோ, ஒரு சம்பள நாள். சைக்கிளை நிறுத்திவிட்டு விறாந்தையில் ஏறினேன். என்னைக் கண்டதும் ஐயா கதிரையை விட்டு எழும்பினார்.

"தம்பி, கண்ணாடி ஒண்டு மாத்தவேணும்..."

சொல்லிக்கொண்டே, தான் கட்டிய வீட்டில், தான் பெற்ற மகனுக்கு முன்னால், தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.