எங்கள் மூவரின் ஐம்பத்தெட்டாவது வயது

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த தனியார் பள்ளி, திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற வழியில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லைகளை ஒட்டி இருந்தது. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுத்தேன். டவுனிலிருந்து பள்ளி வேனில் போய்வந்த டீச்சர்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர். ஆங்கில டீச்சர், கணக்கு டீச்சர் இருவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். வேனின் கடைசி சீட்டு எங்களுக்கென்றே ஆகிவிட்டது.

கணக்கு டீச்சர் சேத்துப்பட்டுப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால், சாயங்காலம் வேன் கிளம்பியதுமே டப்பாவைத் திறப்பாள். எலுமிச்சை சாதமும் வாழைக்காய் வறுவலும் இருக்கும். அதில் பாதியை ஆங்கில டீச்சர் தின்றுவிடுவாள். அந்தச் சாதத்தின் வாசனை, குலுங்கும் வேன், முன் சீட்டுப் பிள்ளைகளின் சத்தம் எல்லாம் இப்போதும் எனக்கு நினைத்த மாத்திரத்தில் வந்துவிடும்.

ஒரு மாதம் எங்கள் மூவருக்கும் சம்பளம் குறைந்து வந்தது. கோபத்தோடு ஆபீசுக்குப் போனோம். கிளார்க் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இனிமே பி.எஃப். பிடிப்பாங்க மிஸ். நிர்வாகமும் ஒரு பங்கு போடும். பத்து வருஷம் சர்வீஸ் இருந்தா அம்பத்தெட்டு வயசுல பென்ஷன் வரும்ங்க."

"அப்ப இந்த மாசம் வாங்க நெனச்ச சுடிதார அம்பத்தெட்டு வயசுல வாங்கிப் போட்டுக்கிறதா?" என்றாள் ஆங்கில டீச்சர். கிளார்க் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரம் பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதையை மாற்றிவிட்டிருந்தார்கள். டவுனுக்குள் நுழைகிற இடத்தில் வேன் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகளை வழியிலேயே இறக்கியாகிவிட்டது. வேனில் நாங்கள் மூவரும் டிரைவரும்தான். டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனார்.

"அம்பத்தெட்டு வயசு வரைக்கும் எவடி இருக்கப் போறா?" என்று ஆங்கில டீச்சர் ஆரம்பித்தாள்.

"நான் இருப்பேன்" என்றாள் கணக்கு டீச்சர். "எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் சீக்கிரம் போறதில்ல."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"கல்யாணம் ஆச்சுன்னா வீட்டுக்காரர் பாத்துப்பாரு. அப்புறம் புள்ளைங்க. இதுல பென்ஷன் எதுக்கு?" என்றேன் நான். அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு நிலம் இருந்தது, அம்மாவுக்கு அப்பா இருந்தார். அதற்கு மேல் யோசிக்க எனக்கு எதுவும் தோன்றியதில்லை.

கணக்கு டீச்சர் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க அப்பா ரைஸ் மில்லுல வேல செஞ்சாரு. நான் ஒம்பதாவது படிக்கறப்ப போய்ட்டாரு. இப்ப அம்மாவுக்குக் கோயிலுக்குப் போணும்னாலும் அண்ணன்கிட்ட பஸ் காசு கேக்கணும். அண்ணன் நல்லவன்தான், இல்லைனு சொன்னதே இல்ல. ஆனா கேக்கறதுக்கு முன்னாடி எங்கம்மா ரெண்டு தடவ அவன் ரூம் வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வருவாங்க. நான் பாத்திருக்கேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே ஈரத்தலையும் வெறுங்காலுமாகக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

"பக்கத்து வீட்ல ஒரு அம்மா இருக்காங்க. அவங்க வீட்டுக்காரரு கவர்மெண்ட் வாத்தியார், அவரும் போய்ட்டாரு. மாசம் பொறந்தா பேங்க்குக்கு ஆட்டோல போவாங்க. வரும்போது தெருப் புள்ளைங்களுக்கு ஜாங்கிரி வாங்கிட்டு வருவாங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி பொம்பளதான். எங்கம்மா எதுல கம்மி?"

டிரைவர் வந்து வண்டியை எடுக்கும்வரை ஆங்கில டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வழக்கம்போல் கேலி திரும்பிவிட்டது. கணக்கு டீச்சருக்கு 'பென்ஷன் மிஸ்' என்று பெயர் வைத்தோம். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் ஆங்கில டீச்சர் கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். அதற்கடுத்த வருடம் எனக்கு நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. பி.எஃப். பணத்தை எடுக்க நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது கணக்கு டீச்சர் ஸ்டாஃப் ரூமில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எடுக்காதடி. அது பாட்டுக்குக் கெடக்கட்டும். அங்க வேலைக்குச் சேந்தா இதோட சேத்துக்கலாம்."

"கல்யாணச் செலவு ஜாஸ்தியா இருக்கு. அப்பா ஒத்த ஆளா சமாளிக்கிறாரு."

"உங்க அப்பா கேட்டாரா?"

கேட்கவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பணத்தில் எனக்கென்று கிளிப்பச்சையில் ஓர் ஆரணிப் பட்டு எடுத்தேன். மீதி எதில் போனது என்று கேட்டால் இன்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் புடவைக்காக மட்டும் நான் வருத்தப்பட்டதே இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் எட்டு வருடம் வீட்டோடு இருந்தேன். ஒரு மகள் பிறந்தாள். பிறகு கணவருக்கு வேலை போய், நாங்கள் திருவண்ணாமலைக்கே திரும்பினோம். அவர் இங்கே ஒரு மொபைல் கடை போட்டார். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடுகிற கவுண்டரில் சேர்ந்தேன். மறுபடியும் பி.எஃப்., மறுபடியும் ஒன்றாவது வருடம். என் பக்கத்தில் உட்காரும் சின்னப் பெண்கள், "இத பிடிக்காம கையில குடுத்தா என்னக்கா?" என்று அலுத்துக்கொள்ளும்போது, கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த என் குரல்தான் எனக்குக் கேட்கும். நான் அவர்களுக்கு எதுவும் சொல்வதில்லை. அந்த வயதில் அப்படிப் பேசுவதில் ஒரு சுகம் இருந்தது.

போன மாதம் கணக்கு டீச்சர் அம்மாவைக் கண் காட்ட அழைத்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். காதோரம் லேசாக நரைத்திருந்தது. இன்னும் அதே பள்ளி. பத்து வருடம் எப்போதோ முடிந்துவிட்டதாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாவை டாக்டர் அறைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு இருவரும் கேன்டீனுக்குப் போனோம்.

"ஓசூருக்குப் போன் போடலாமா?" என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டோம். ஆங்கில டீச்சர் எடுத்ததுமே கத்தினாள். வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாளாம், முப்பது பிள்ளைகளாம்.

"டியூஷன் காசுல ஏதாவது சேத்து வக்கிறியா?" என்று கணக்கு டீச்சர் கேட்டாள்.

"ஐயோ, ஆரம்பிச்சுட்டா பாரு! என் பையன் பாத்துப்பான்டி."

"பையன் என்ன படிக்கிறான்?"

"மூணாவது."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு ஆங்கில டீச்சர் குரலைத் தாழ்த்தி, "உண்மையாவே கேக்கறேன். இப்ப ஆரம்பிச்சா லேட்டாடி?" என்றாள். கணக்கு டீச்சர் போனைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். என் காபி ஆறிக்கொண்டிருந்தது. கவுண்டருக்குத் திரும்ப நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை.