உமிக் காற்றாடியும் ஸ்பொஞ்சு உருண்டையும்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை சுமந்து, பிறகு லொறி ஓட்டி, கடைசியில் உக்குவளையில் சொந்தமாக நெல் மில் போட்டேன். உமியை ஊதித் தள்ளும் காற்றாடியை எந்த இஞ்சினியரும் பூட்டவில்லை. பழைய லொறித் தகட்டை வெட்டி நானே செய்தேன். அப்படியொரு காற்றாடி மாத்தளையிலேயே இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

மில் சத்தத்தில் பாடம் நடத்த முடியவில்லை என்று பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். சத்தத்தை அளக்க ஒரு சிங்கள அதிகாரி வந்தார்; தலைமை ஆசிரியரும் கூடவே வந்தார். அளவு கூடினால் மில்லை மூட வேண்டியதுதான்.

அவர் கையில் டோர்ச் லைட் போல ஒரு கருவி. உச்சியில் பொத்தான் அகலத்தில் மைக், கீழே அளவு காட்டும் ஒரு முள்.

“பள்ளிக்கூட மதில்கிட்ட நின்னு அளக்கிறேன்” என்றார் தமிழிலேயே.

“அதுக்கு முன்னாடி நம்ம காத்தாடிய வந்து பாருங்க மாத்தயா!” சிங்களத்தில் ஐயா என்று மரியாதையாகவே கூப்பிட்டேன்.

இழுக்காத குறையாகக் கூட்டிப்போய் அதன் வாய்க்கு நேரே நிறுத்தினேன். “சரி, இங்கயும் பார்ப்போம்” என்று கருவியை நீட்டினார். முள் ஒரே பாய்ச்சலில் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

மில் போச்சு என்றே நினைத்தேன். தலைமை ஆசிரியரும் மூட்டை தூக்குகிறவர்களும் பார்த்து நிற்கக் கத்தினேன்: “வாத்தியார்கிட்ட எவ்வளவு வாங்குனீங்க மாத்தயா?”

அவர் பையிலிருந்து ஒரு ஸ்பொஞ்சு உருண்டையை எடுத்து மைக்கின் தலையில் மாட்டினார். மில் அதே சத்தத்தோடுதான் ஓடியது. முள் மட்டும் பாதிக்கு இறங்கிவிட்டது.

“மைக் உள்ளுக்கு மெல்லிசா ஒரு தகடு இருக்கு. சத்தம் பட்டாலும் ஆடும், காத்து அடிச்சாலும் ஆடும். எது எதுன்னு அதுக்குத் தெரியாது. ஸ்பொஞ்சு காத்தத் தடுக்கும், சத்தத்த உள்ள விடும். முள்ளத் தூக்குனது ஒங்க காத்தாடிதான்.”

“அப்ப காத்தாடி நல்லாத்தான் ஊதுது மொதலாளி!” என்றான் மூட்டைக்காரன் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஸ்பொஞ்சைக் கழற்றாமலே மதிலடியில் அளந்தார். “அளவுக்குள்ளதான் இருக்கு. ஓட்டுங்க” என்றார். தலைமை ஆசிரியர் என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

நானே ஓடிப்போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினேன்.

“வேணாம் மொதலாளி. அப்புறம் இதையும் வாங்குனேன்னு சொல்லுவீங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மில் பிழைத்தது. நான் கிளாஸோடு நின்றேன். காற்றாடி ஊதிய உமி அந்தத் தேத்தண்ணியில் விழுந்து மிதந்தது. அதற்குப் பிறகு காற்றாடியைப் பார்க்க வரச்சொல்லி ஒருவரையும் நான் கூப்பிட்டதில்லை.