காரின் கூரையில் ஒரு மடிப்பு

பெரியப்பா கனடாவுக்குப் போகும்போது அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனவை மூன்று: ஒரு தையல் மெஷின், ஒரு பெட்டி சட்டப் புத்தகங்கள், ஒரு கார். மெஷினை அம்மா எடுத்துக்கொண்டார். புத்தகங்களைக் கறையான் எடுத்துக்கொண்டது. கார் மட்டும் பெரியப்பாவுடையதாகவே இருந்தது.

கடும் பச்சை உடம்பும், மேலே கறுப்பு றெக்சீன் ஒட்டிய கூரையும் கொண்ட பழைய இங்கிலாந்துக் கார் அது. நம்பர் பலகையின் நடுவில் ‘ஸ்ரீ’ எழுத்து இருக்கும். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வருடங்களாக அப்பாதான் அதை ஓட்டினார், கழுவினார், மழைக்காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆகாதபோது அதனோடு தாழ்ந்த குரலில் கதைத்தார். கதவை யாராவது அடித்துச் சாத்தினால் அவருக்கு முகம் மாறிவிடும். ஆனாலும் வாய் திறந்தால் ‘அண்ணாவின்ர கார்’ என்றுதான் சொல்வார்.

எனக்குப் பத்து வயதானபோது பெரியப்பா அதை விற்க முடிவெடுத்தார். கொட்டாஞ்சேனையில் பழைய கார்களைச் சேர்க்கிற முதலாளி ஒருவர் வாங்க ஆயத்தமாக இருந்தார். அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்று: கூரை புதிதில் இருந்ததுபோல இருக்கவேண்டும். கடற்காற்றில் றெக்சீன் வெடித்து, ஓரங்கள் கிளம்பி, கீழே தகரம் கறள் பிடித்திருந்தது. அதே மெல்லிய வரிகள் பதிந்த றெக்சீனைப் பெரியப்பா அங்கே எங்கோ தேடிப்பிடித்து, ஒரு கூரைக்கு அளவாக ஒரே துண்டு, பார்சலில் அனுப்பிவிட்டார். மருதானைக் கடைகளில் சீற்றுக்குப் போடுகிற றெக்சீன் கிடைக்கும். இந்த வரி கிடைக்காது.

தொலைபேசியில் அப்பா, “ஓம் அண்ணா. செய்விக்கிறன் அண்ணா” என்றார். பெரியப்பாவிடம் அவர் ‘இல்லை’ என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. ரிசீவரை வைத்துவிட்டு வெளியே போய்க் காரைக் கழுவினார். அன்று காலையிலும் கழுவியிருந்தார்.

கூரை வேலைக்கு இரத்மலானையிலிருந்து ஒரு சிங்களவர் வந்தார். கார் குஷன் தைப்பதில் பெயர் எடுத்தவர். கைவேலை செய்பவர்களைக் கொழும்பில் எல்லோரும் அழைப்பதுபோல நாங்களும் அவரை ‘பாஸ்’ என்றே அழைத்தோம். அப்பா வேலை செய்த கந்தோரில் தமிழும் இங்கிலீசும்தான். அவர் சிங்களம் கதைத்து நான் கேட்டதில்லை. நானோ இரண்டாம் மொழிச் சிங்களத்தில் வகுப்பில் முதலாவது. “நீ பக்கத்தில நிண்டு அவர் சொல்லுறதை எனக்குச் சொல்லு” என்றார் அப்பா. அந்த வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்குக் கிடைத்திருக்க முடியாது. கொப்பி ஒன்றை எடுத்து வேலைகளை வரிசையாக எழுதினேன்: கரைக் கம்பிகளைக் கழற்றுதல், பழைய றெக்சீனை உரித்தல், பழைய கம்மைத் தின்னரால் துடைத்தல், கறள் சுரண்டல், பிறைமர் பூசுதல், காயவிடுதல்.

இவற்றுக்கு இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் சனிக்கிழமை. புதிய றெக்சீனை வெயிலில் விரித்து இளக வைத்தார்கள். கூரையின் நடுவிலும் துண்டின் நடுவிலும் சோக்கால் கோடு போட்டார்கள். இரண்டிலும் கம் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, நடுக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவித் தடவி ஒட்டவேண்டும். தொட்டால் தொட்டதுதான், திருப்பி எடுக்க முடியாது.

பாஸ் மரியாதை தெரிந்தவர். அப்பாவோடு வேலை செய்வதற்காகக் காலையில் என்னிடம் இரண்டு தமிழ்ச் சொற்களைக் கேட்டுப் படித்துக்கொண்டார்: பிடி, இழு. ‘இழு’ அவருடைய வாயில் ‘இலு’ ஆயிற்று. ‘பிடி’ என்பது ‘பிதி’ ஆயிற்று. நான் திருத்தினேன். அடுத்த முறையும் ‘பிதி’ என்றே சொன்னார். அப்பா சிரிக்காமல் பிடித்தார்.

மூன்று மணிக்குக் கூரையின் பின்பக்க மூலைகள் இரண்டு மட்டுமே மிச்சம். வலது மூலையில் பாஸ், இடது மூலையில் அப்பா, டிக்கிக்குப் பின்னால் நான். பாஸ் தன் பக்கத்து ஓரத்தைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு தலை நிமிராமலே, “மதி, மதி” என்றார்.

மதி என்றால் சிங்களத்தில் ‘காணாது’, போதாது. அவருடைய பக்கம் துண்டு ஒரு விரல் குறைகிறது, அப்பா தன் பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தவேண்டும் என்பதுதான் விஷயம். அந்தச் சொல் எனக்கு முதலாம் வகுப்பிலிருந்தே தெரியும். ஆனால் பிடி என்பதை பிதி என்று சொல்கிற மனிதர் மதி என்று சொன்னால், அது மடியாகத்தானே இருக்கவேண்டும். கணக்குச் சரியாக வந்தது.

“அப்பா, மடிக்கட்டாம்.”

அப்பா என்னைப் பார்த்தார். “வடிவாக் கேட்டனியோ?”

“ஓம். மடி எண்டுதான் சொல்லுறார்.”

அவர் ஒருமுறை பாஸைப் பார்த்தார், ஒருமுறை கூரையைப் பார்த்தார். பிறகு பின்கண்ணாடியின் ஓரத்திலிருந்து மேல்நோக்கி, ஒரு முழ நீளத்துக்கு, இரண்டு விரல் அகலமாக றெக்சீனை நேராக மடித்து, உள்ளங்கையால் அழுத்திவிட்டார்.

பாஸ் சுற்றி வந்து பார்த்தார். தின்னரைத் தொட்டு மடிப்பைக் கிளப்பப் பார்த்தபோது அடித்துணி கிழியத் தொடங்கியது, கையை எடுத்துவிட்டார். நடந்ததை நான் சிங்களத்தில் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு ஒழுங்கை ஓரத்தில் குந்தியிருந்தார். “ரெண்டு தமிழ்ச் சொல்லைத்தானே மகள் நான் கேட்டேன்” என்றார். “மூன்றாவதை எனக்கே தெரியாமல் படிப்பிச்சிட்டியே.”

இரவுச் சாப்பாட்டில் அம்மா, “சிங்களத்தில முதலாம் பிள்ளைக்கு இன்னொரு தோசை போடட்டோ?” என்றார். நான் வேண்டாம் என்றேன்.

கொட்டாஞ்சேனை முதலாளி செவ்வாய்க்கிழமை வந்தார். காரை இரண்டு தரம் சுற்றினார். எஞ்சினைக் கேட்டார், தலையாட்டினார். பின்பக்கம் வந்ததும் நின்று, மடிப்பின்மேல் நகத்தை ஓட்டினார்.

“என்ன தம்பி இது, சாரத்துக்குக் கரை மடிச்ச மாதிரி?”

“பிள்ளைக்குச் சிங்களம் பிழைச்சுப்போச்சு, ஐயா” என்றார் அப்பா.

நான் வாசலில் நின்றேன். முதலாளி என் தலையில் கை வைத்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனார். அந்த வாரமே அவர் வேறு கார் பார்த்துவிட்டார் என்று பெரியப்பாவே தொலைபேசியில் எடுத்துச் சொன்னார். பெரியப்பாவின் குரல் ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. அப்பா அமைதியாக, “ஓம் அண்ணா. சின்னப்பிள்ளைதானே அண்ணா. ஓம். இனி என்ன செய்யிறது” என்றார். கார் ஒழுங்கையிலேயே நின்றது. பெரியப்பா அதைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை.

என் பிழைகளின் வரிசையில் அது பல வருடங்கள் முதலாவதாக இருந்தது.

இப்போது நான் ஒட்டுப்பசைகளைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிறு அப்பாவோடு வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனேன். மீன்காரர் இறாலை நிறுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா வேறு பக்கம் பார்த்தபடி, அவரைச் சிங்களத்தில் தம்பி என்று அழைத்து, “மதி மல்லி, மதி” என்றார். மீன்காரர் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

“இந்தச் சொல் அப்பாவுக்கு எப்ப இருந்து தெரியும்?”

“இந்தச் சொல்லோ? கொழும்புக்கு வந்த முதல் கிழமை, இதே சந்தையில படிச்சது. நீ பிறக்க முந்தியே.”

சொல்லிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, மரக்கறிக் கடைப்பக்கம் நடந்தார். நான் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. கம் பூசிய றெக்சீன் அவசரத்தில் மடிபட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கோணும், சுருங்கும், குமிழ் விடும். அப்பாவின் மடிப்பைப்போல ஒரு முழ நீளத்துக்கு நேராக வராது. நேராக வரவேண்டுமென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் செய்யவேண்டும்.

முதலாளி பின்வாங்கினார் என்று தெரிந்த அன்று பின்னேரம், அப்பா என்னை மட்டும் முன்சீற்றில் ஏற்றிக்கொண்டு தெஹிவளை வரை போனார். நான் போகும்போதும் அழுதேன், திரும்பும்போதும் அழுதேன். “விடு பிள்ளை” என்றார். பிறகு கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை விசிலடித்தார். அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் அழுகையை நிறுத்தத்தான் அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.