மேடத்தின் தோட்டாவுக்கு ஒரு பெட்டி

என் கல்யாணப் புடவைக்குக்கூட என் வீட்டுக்காரர் இரண்டு கடைக்கு மேல் ஏறவில்லை. காலில் செருப்பு கடிக்கிறது என்று சொல்லி மூன்றாவது கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதே மனிதர் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ராயபுரத்தில் கப்பல் சாமான் விற்கிற கடைகளையெல்லாம் ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். ஒரு பெட்டிக்காக. அதுவும் நம் வீட்டுக்கு இல்லை. மேடத்துக்கு.

மேடம் யார் என்று சொல்லிவிடுகிறேன். எண்ணூரில் இவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு, உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற துப்பாக்கி சுடும் கிளப்பில் ஸ்டோர் ரூம் ஆளாகச் சேர்ந்தார். துப்பாக்கி அறைப் பூட்டைத் திறப்பது கோச். இவர் வேலை துடைப்பது, அடுக்குவது, ரிஜிஸ்டரில் எழுதுவது. அங்கே போட்டிக்குப் போகிறவர்களில் ஒருத்திதான் மேடம். முப்பது வயது இருக்கும். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை மற்றவர்கள்போல எறிந்துவிடாமல், அதற்கென்று அனுமதி வாங்கி, கிளப்பிலேயே உட்கார்ந்து வெடிமருந்தும் குண்டும் தன் கையாலேயே திரும்ப நிரப்புகிறவள். கடைத் தோட்டா ஒன்றுபோல ஒன்று இருக்காதாம். தானே நிரப்பினால் பத்தும் ஒரே இடத்தில் போய் விழுமாம்.

"ஒவ்வொண்ணையும் தராசுல போட்டுப் பாக்குறாங்கோ. நகை எடை போடுறா மாதிரி. இன்னா பொறுமைன்ற!" என்று சோறு தின்றுகொண்டே சொல்வார்.

நான் காசிமேட்டில் நெத்திலி எடுத்து, திருவொற்றியூர் மணலில் வலை விரித்துக் காயவைத்து, தலை கிள்ளி, கல் பொறுக்கி விற்கிறவள். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தலை கிள்ளியிருப்பேன்? அதைப் பொறுமை என்று ஒரு நாள் சொன்னதில்லை.

மேடம் இவரை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். அதைக் கேட்டு என் வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. அண்ணா என்று கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்குப் பொறாமை என்றால் என்னவென்று தெரியாது. அவள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று நான் பயப்படவில்லை. நான் பயந்தது வேறு. அவர் மனசில் இருக்கிற அக்கறை முழுவதையும் அங்கேயே கொட்டிவிட்டு, காலிப் பாத்திரமாக வீட்டுக்கு வருகிறாரே, அது.

அந்தப் பக்கம் கடல் காற்றில் இரும்புக் கதவே செதில் செதிலாக உதிரும். பித்தளை சும்மா இருக்குமா? கிளப் அலமாரியில் வைத்த தோட்டா மங்கிப்போகிறது, "நல்ல பெட்டியா ஒண்ணு பாருங்கண்ணா" என்று அவள் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன், என்னதான் நடக்கிறது பார்ப்போமே என்று. கடைக்கார பாய் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து வைக்க வைக்க, இவர் குறை சொல்லிக்கொண்டே வந்தார். இது கண்ணாடி மாதிரி கீது, வெயில் உள்ளே போகும். இது தகரம், துருப் பிடிக்கும். இது ரொம்பப் பெரிசு, கனம் தாங்காமல் கைப்பிடி பிய்ந்துகொள்ளும்.

பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா அக்கா, பொண்ணு பாக்க வந்தாக்கூட இவ்ளோ நொட்ட சொல்ல மாட்டாங்களே!"

"என்னிய பாக்க வந்தப்ப ஒரு நொட்டயும் சொல்லல பாய். காபி குட்ச்சிட்டு எந்திரிச்சிப் பூட்டாரு" என்றேன். பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவர் காதிலேயே வாங்கவில்லை. ஒரு பெட்டியின் ரப்பரை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

கடைசியில் இரண்டு பெட்டி வாங்கினார். ஒன்று அரிசிக்கு வைக்கிற மாதிரி பிளாஸ்டிக். இன்னொன்று ஆரஞ்சு நிறம். கப்பலில் உயிர்காக்கும் படகுக்குள், ஆபத்துக்குக் கொளுத்துகிற வெளிச்ச வாணத்தை நனையாமல் வைக்கிற பெட்டியாம். மூடியைச் சுற்றிப் பள்ளம், பள்ளத்துக்குள் கறுப்பு ரப்பர், இரண்டு பக்கமும் கொக்கி. வீட்டில் இருந்த பிஸ்கட் டின், எவர்சில்வர் தூக்கு இரண்டையும் சேர்த்து நான்கையும் வரிசையாக வைத்தார். பிறகு என்னிடம் வந்து, "நாலு அப்பளம் பொரிச்சிக் குடு" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"உள்ள போட்டு மூடி வெச்சா, எதுல நமுத்துப் போவுதுன்னு தெரிஞ்சிடும்ல?"

பொரித்துக் கொடுத்தேன். அவள் தோட்டாவுக்கு என் எண்ணெயில் அப்பளம். குளியலறைப் பரண்மேல், ஈரம் அதிகமாக இருக்கிற இடத்தில் நான்கு நாள் வைத்தார். உள்ளே இருப்பது அப்பளம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தோட்டா என்ற பேச்சு வந்ததிலிருந்து, அடுப்புப் பற்றவைக்கும்போதெல்லாம் ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். என் குணம் அப்படி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியதற்கும் அந்தப் பயம்தான் காரணம். பரீட்சைக்கு முதல் நாள் காய்ச்சல் வந்துவிடும்.

நான்காம் நாள் திறந்தார். டின்னில் இருந்த அப்பளம் தோல் மாதிரி வளைந்தது. தூக்கில் இருந்ததும் அப்படித்தான். பிளாஸ்டிக்கில் ஓரம் மட்டும் நமுத்திருந்தது. ஆரஞ்சுப் பெட்டியில் இருந்ததை எடுத்து என் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் படக்கென்று உடைத்தார்.

"கேட்டியா சத்தம்! இதான் பொட்டி!"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மூன்று மழைக்காலமாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன், கருவாடு பூஞ்சை பிடிக்காமல் வைக்க இறுக்கமாக மூடுகிற மாதிரி ஏதாவது வாங்கிக் கொடு என்று. "பெயிண்ட் பக்கெட் கீதே, பத்தாதா?" என்றார். அந்தப் பக்கெட்டுக்கு யாரும் அப்பளம் பொரித்துப் பார்க்கவில்லை.

பெட்டிக்குள் வைக்க ஸ்பாஞ்சில் ஒவ்வொரு தோட்டாவும் ஆடாமல் நிற்கிற அளவுக்குத் துளை போட்டு வைத்தார். மூடிமேல் ஒட்டுவதற்குச் சீட்டு எழுதினார், எந்தத் தேதியில் நிரப்பியது, என்ன மருந்து, எவ்வளவு என்று மேடம் நிரப்பிக்கொள்வதற்குக் கட்டம் போட்டு. அவர் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்குள் கிளப் ஆட்களோடு வெளியூர்ப் போட்டிக்குச் சாமான் பார்த்துக்கொள்ள மூன்று நாள் போனார். பெட்டி வீட்டில் இருந்தது. போன அன்றே மழை பிடித்துக்கொண்டது. அன்று காலையில்தான் பதினைந்து கிலோ நெத்திலி காய்ந்து வந்திருந்தது. ஸ்பாஞ்சை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, நல்ல நெத்திலியாகப் பார்த்துப் பெட்டி நிறையக் கொட்டிக் கொக்கியை மாட்டினேன்.

மூன்று நாளும் விடாத மழை. பக்கெட்டில் இருந்தது பிசுபிசுத்துவிட்டது. பெட்டியில் இருந்தது கையில் எடுத்தால் சுள்ளி மாதிரி ஒடிந்தது. நான் பெட்டியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனா, அழுதேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. இது எனக்கு வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அவர் வருகிற அன்று வெயில் அடித்தது. நெத்திலியைக் கொட்டிவிட்டு, பெட்டியை சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, எலுமிச்சம் பழத்தால் துடைத்து வெயிலில் வைத்தேன். எல்லாம் செய்தேன். மூடிப் பள்ளத்துக்குள் இருக்கிற ரப்பரை மட்டும் கழற்றவில்லை. அதற்கு அடியில் உப்பும் மீன் தூளும் கோடு மாதிரி இறங்கியிருந்ததைப் பார்த்தேன். விரல் நகத்தால் ஒரு இழு இழுத்தால் ரப்பர் கையோடு வந்துவிடும். இழுக்கவில்லை. 'திறக்கும்போது கொஞ்சம் நாறட்டும் மகராசிக்கு' என்று மனசு சொன்னது. மறந்துவிட்டேன் என்று எழுதினால் எனக்கு வசதி. ஆனால் மறக்கவில்லை.

வெயிலில் காய்ந்ததில் வாசம் தெரியவில்லை. இவர் ஸ்பாஞ்சைத் திரும்ப உள்ளே வைத்து எடுத்துப் போனார். மறுநாள் போனில் ஒரு போட்டோ காட்டினார். மேடம் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். வெட்டிவிட்ட முடி, கழுத்தில், வெடிச்சத்தத்துக்காகக் காதில் மாட்டுகிற சாதனம். நான் நினைத்ததைவிட அழகாகவே இருந்தாள். அவர் குளிக்கப் போன நேரத்தில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பல் வரிசைகூட நன்றாக இருந்தது.

மூன்று வாரம் போனது. ஒரு வியாழக்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது சொன்னார், "நேத்து கிளப்புல ஒரே பேஜாரு. கூட்டுற அம்மா தோட்டா ரூமாண்ட கண்ணாடி தொடைக்கிற மருந்து அட்ச்சிட்டாங்கோ. மேடம் ஒரே கத்து கத்திட்டாங்க."

"தொடைக்கிற மருந்துதானே, அதுக்கு இன்னா?"

"அந்த நெடி பித்தளைக்கு ஆவாதாம். அந்தக் காலத்துல குதுர லாயத்தாண்ட வெச்ச தோட்டால்லாம் மழைக்காலத்துல கழுத்தாண்ட விரிசல் வுட்டுடுமாம். சாணி, மூத்திரம், அழுகுன மீனு, எல்லாம் ஒரே நெடிதானாம். விரிசல் வுட்டத சுட்டா சூட்டுக் காத்து பின்னால மூஞ்சிக்கு வரும். மேடம் கண்ணாடி மாட்டிகினுதான் சுடுறாங்கோ, இருந்தாலும்…" என்று சொல்லிவிட்டு, "ஞாயித்துக்கிழம போட்டி. நம்ம பொட்டில கீறதத்தான் எடுத்துகினு போறாங்க" என்று எழுந்து கை கழுவினார்.

ரப்பருக்கு அடியில் விட்ட மீன் தூள் ஞாபகம் வந்தது; தட்டில் மிச்சமிருந்த இட்லியைக் காக்காய்க்கு வைத்துவிட்டேன்.

வியாழன் சொல்லவில்லை. வெள்ளி சொல்லவில்லை. சொன்னால் இவர் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் கண். நெத்திலி தலை கிள்ளும்போது ஒவ்வொரு தலையிலும் கண் என்னையே பார்த்தது. கழுவித்தானே கொடுத்தேன், ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொள்வேன். அடுத்த நிமிஷம் அவளை ஆஸ்பத்திரியில் பார்ப்பேன். அதிலும் கேவலம் என்னவென்றால், அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் இவர் உட்கார்ந்து அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுக்கிறார். பயத்துக்கு நடுவில் அதற்கும் எனக்கு எரிந்தது.

சனிக்கிழமை காலை அவர் சட்டை மாட்டும்போது சொல்லிவிட்டேன்.

"மாமா, அந்தப் பொட்டில நான் நெத்திலி வெச்சிருந்தேன். ரப்பருக்கு அடியில கழுவல."

"மறந்துட்டியா?"

"இல்ல. வேணும்னேதான்."

பொத்தானில் இருந்த கை அப்படியே நின்றது. "இன்னாத்துக்குடி?"

"நீ அதுக்கு அப்பளம் பொரிக்கச் சொன்னல்ல, அதுக்கு."

அடிப்பார் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். "பொடவ மாத்திகினு கெளம்பு" என்றார்.

கிளப்பில் மேடமும் கோச்சும் இருந்தார்கள். செக்ரட்டரியும் வந்துவிட்டார். இவர் நெத்திலி வைத்த விஷயத்தைச் சொன்னதும், நிரப்பி மூடியதிலிருந்து திறக்காமல் இருந்த பெட்டியைக் கோச் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். மேடம் கொக்கியைத் தளர்த்தி மூடியைத் தூக்கியதுமே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"நெத்திலி" என்றாள் மேடம்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். ஓரத்து வரிசையில் பச்சை பூத்திருந்தது. ஒன்றை என்னிடம் காட்டினாள். கழுத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. அவள் மொத்தத்தையும் தனியாக ஒதுக்கி, மேலே 'சுடக்கூடாது' என்று எழுதச் சொன்னாள். எத்தனை நாள் உட்கார்ந்து, எடை போட்டு எடை போட்டு நிரப்பியதோ.

செக்ரட்டரி இவரைப் பார்த்து, "கிளப் சாமானை வீட்டுல வெச்சு கருவாடு போடுவீங்களா? இது எப்படி நடந்துச்சு?" என்றார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "கழுவுறப்போ ரப்பர கழட்ட மறந்துட்டா சார். அவுளுக்குத் தெரியாது. நான்தான் பாத்திருக்கணும்."

நான் வாயைத் திறந்தேன். இவர் செருப்பு என் கால்விரலை மிதித்தது.

"விடுங்க சார்," என்றாள் மேடம். "தோட்டா என்னுது. வைக்கிறதுக்கு முன்னாடி நான் மோந்து பாத்திருக்கணும். அக்கா வந்து சொன்னாங்களே, அது எவ்வளவு பெரிய விஷயம்." பிறகு என் கையைப் பிடித்து, "பயந்துட்டீங்களா அக்கா? கை சில்லுனு இருக்கு" என்றாள்.

அவள் கை சூடாக இருந்தது. அவள் கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைத் தோட்டாவோடு போனாள். எந்த இடமும் கிடைக்கவில்லை. இவர் வேலை தப்பியது.

சனிக்கிழமையன்று திரும்பும் வழியில், பஸ்ஸில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று வந்தோம். இவர் ஜன்னல் பக்கம், நான் பக்கத்தில். ரிஜிஸ்டரில் ஒரு எழுத்துக்கூடப் பொய் எழுதாத மனிதர். கேட்டேன், "இன்னாத்துக்கு மாமா எனுக்காகப் பொய் சொன்ன?"

"வேற இன்னா சொல்றது? என் பொண்டாட்டிக்கு உங்க மேல பொறாமைன்னு சொல்லவா? மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?"

எனக்காகச் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. எடுத்தும்கொண்டேன். இரண்டு ஸ்டாப் வரைக்கும் மனசு லேசாக இருந்தது.

அப்புறம் அவரே பேசினார். "மேடம் அப்டியே நம்பிட்டாங்க பாரு. இந்த மாதிரி கலீஜால்லாம் நெனைக்கவே தெரியாது அவுங்களுக்கு."

அதை அவர் எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் என்பதை எழுத்தில் காட்ட முடியாது. நான் எழுந்து, காலியாக இருந்த முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.